கொச்சிக்காய்க்குக் குளிருது

நுவரெலியா மண்ணில் எதை ஊன்றினாலும் வரும் என்பார்கள். கரட் வரும், லீக்ஸ் வரும், பீட்ரூட், கோவா, உருளைக்கிழங்கு எல்லாம் வரும். வெள்ளைக்காரன் ஊன்றிவிட்டுப் போன குதிரைப் பந்தயம்கூட இன்னும் ஏப்ரலில் வந்துகொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில், வராத பயிர் எதுவென்று தேடிப்பிடித்து அதையேதான் நடுவேன் என்று நின்றவர் ஒருவர் உண்டு. அவர் என் அக்காவைக் கட்டியவர்.

மச்சான் நட நினைத்தது மிளகாய். எங்கள் பக்கத்துப் பேச்சில் கொச்சிக்காய். அது வெயில் குடித்து வளரும் சாதி. அனுராதபுரத்திலும் யாழ்ப்பாணத்திலும் சந்தோஷமாக இருக்கும். நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வருடச் சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான். விதை முளைக்க 25 முதல் 30 பாகை வேண்டும்.

"அது இங்க வராது மச்சான்" என்றேன்.

"வராததை வரவைக்கிறதுதான் மாப்பிள விவசாயம்" என்றார்.

இந்த ஞானம் அவருக்குப் பிறந்ததற்கு அரசாங்கமே பொறுப்பு. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள். விளைச்சல் விழுந்தது, அந்த நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அடுத்து டொலர் இல்லை, பெற்றோல் இல்லை, காஸ் இல்லை. 2022 ஜூனில், அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. முதல் வருடம் உரத்தை எடுத்துக்கொண்டு மறு வருடம் வெள்ளிக்கிழமையைக் கொடுத்த அரசாங்கத்தை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அந்த வெள்ளி கிடையாது. வழக்கம்போலப் பெரட்டுக்குப் போனார்கள். மச்சானுக்குக் கிடைத்தது. அவர் ஓர் அலுவலகத்தில் கிளாக்கர். மண்வெட்டிக்குப் பிடி எந்தப் பக்கம் என்பதை நாங்கள் இருவரும் பேசித்தான் தீர்த்துக்கொண்டோம்.

கிழங்கு போட்டிருந்தால் மூட்டையாக எடுத்திருக்கலாம். ஆனால் நுவரெலியாவில் கிழங்கு போட்டவனை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? பக்கத்துக் குவாட்டர்ஸ்காரர் வேறு ஸ்ட்ரோபெரி போட்டுவிட்டார். அதை வெல்ல கின்னஸ் புத்தகம்தான் வழி என்று மச்சான் கைப்பேசியை நீட்டினார். திரையில் சிவப்பாக, சுருங்கிப்போய், பின்னால் தேள் வாலோடு ஒன்று இருந்தது. கரோலினா ரீப்பர். அமெரிக்காவின் தென் கரோலினாவில் எட் கரி என்பவர் உருவாக்கியது. 2013இல் உலகின் மிக உறைப்பான மிளகாயாகக் கின்னஸில் ஏறியது. அளவு 15 இலட்சம் ஸ்கோவிலுக்கும் மேல். நம் சின்னக் கொச்சிக்கு ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு இலட்சம் வரைதான் போடுகிறார்கள்.

ஸ்கோவில் என்றால் என்ன என்று கேட்பீர்கள். 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர் மிளகாய்ச் சாற்றைச் சீனித் தண்ணீரில் கலந்து ஆட்களுக்கு ருசி பார்க்கக் கொடுத்தார். உறைப்பு நாக்குக்குத் தெரியாமல் போகும்வரை தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனார். 15 இலட்சம் என்றால் ஒரு பங்கு சாற்றை அடக்க 15 இலட்சம் பங்கு சீனித் தண்ணீர் வேண்டும். 2022இல் சீனி விற்ற விலைக்கு அந்தச் சோதனையை இலங்கையில் நினைத்தும் பார்க்க முடியாது. இப்போது இயந்திரம் வைத்து அளக்கிறார்கள்; நாக்குகள் பிழைத்தன.

விதை ஒன்லைனில் வந்தது. நாலைந்து விதையின் விலைக்கு ஒரு இறாத்தல் பாண் வாங்கலாம். மச்சான் அவற்றை ஈரத்துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, மேலே மின்குமிழைத் தொங்கவிட்டார். குமிழ் எரிந்தால் சூடு. ஆனால் அது மின்வெட்டுக் காலம். கரண்ட் போனதும் விதைக்கு நுவரெலியா ஞாபகம் வந்துவிடும். வாரக்கணக்கில் காத்திருந்தும் பெட்டிக்குள் எறும்பு தவிர வேறு உயிர் இல்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மீதி விதையை பிஸ்கட் டின்னில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, ஹட்டனில் இறங்கி, டிக்கோயாப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டார்.

"உங்க அடுப்பு எந்நேரமும் எரியுதே மாப்பிள" என்றார்.

உண்மைதான். டவுனில் காஸ் சிலிண்டருக்காக வரிசை வளர்ந்த காலத்தில் எங்கள் லயத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. காஸுக்குப் போயிருந்தால்தானே விறகுக்குத் திரும்பி வர வேண்டும்? கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கொண்டுவந்த மிலாறு எரிந்துகொண்டே இருக்கும். ஹட்டன் பக்கம் நுவரெலியாவைவிட ஏறக்குறைய 600 மீற்றர் தாழ்வு என்பதும் விதைக்கு ஓர் ஆறுதல்.

அடுப்புக்கு மேல் பலகையில் டின் ஏறியதும் அப்பாயி கேட்டார்: "இது என்னா மாப்புள்ள, தாயத்தா?"

"வெதை அப்பாயி. வெளிநாட்டுக் கொச்சிக்கா."

"காம்பராவுல நம்ம படுக்கவே எடமில்ல. வெளிநாட்டுக்காரன் வேறயா?"

சொன்னாரே தவிர, மறுநாளிலிருந்து டின் அவர் பொறுப்பில் போய்விட்டது. பேறுகால வீட்டுக்குரிய சட்டதிட்டமெல்லாம் அமலுக்கு வந்தன. கதவை அடித்துச் சாத்தக் கூடாது. வெளியே போய் வந்தவன் பனிக் கையோடு டின்னைத் தொடக் கூடாது. கட்டச் சம்பலுக்குக் காய்ந்த மிளகாய் சுடுவதென்றால் பக்கத்து வீட்டு அடுப்பில் சுட வேண்டும். ஏன் என்று கேட்டேன். "சொந்தக்காரன் கருகுற வாசம் பட்டா எந்த வெதைடா வெளிய வரும்?" என்றார். இந்த இனத்து விதை முளைக்க மூன்று நான்கு வாரம்கூட ஆகும் என்பது மச்சான் படித்துத் தெரிந்துகொண்டது. படிக்காத அப்பாயிதான் அத்தனை நாளும் பொறுமையாக இருந்தார். படித்தவர் தினமும் போன் எடுத்தார்.

முளைத்தது. யோகட் கோப்பைகளில் தும்புச்சோறும் மணலும் மாட்டெருவும் கலந்து நாற்றை மாற்றினோம். எங்கள் மூடுபனிக்கும் நாற்றுக்கும் பகை. ஈரம் கூடினால் தண்டின் அடி அழுகி, காலையில் சாய்ந்து கிடக்கும். ஆகவே மண்ணில் கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, தண்ணீரைக் கணக்காய்த் தெளித்தோம். தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அதுதான் வேண்டும், மிளகாய்க்கு வேண்டாம். கவ்வாத்து வெட்டிய மலைக்கு டொலமைட் போடுவது தோட்ட வழக்கம். அதில் ஒரு பிடி எங்கள் சட்டிகளுக்கும் வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

ஸ்தோப்பில் வரிசையாக நின்ற அந்தச் சட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு ஒரு கணக்கு ஓடும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் இந்தத் தீவு மிளகை வைத்தே சமாளித்தது. தேயிலையை 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தோட்டப் பயிராக நட்டார். அதற்கும் முன்பே, கோப்பிக் காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து எங்கள் ஆட்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். மூவரும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். மிளகாய் சம்பலாகி எல்லா வீட்டு அம்மியிலும் ஏறிவிட்டது. தேயிலை நாட்டின் பெயரைச் சுமந்து உலகம் சுற்றுகிறது. எங்களுக்கு மட்டும் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1964இல் ஆட்களைப் பங்கு பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 2003இல் இன்னொரு சட்டம் என்று பைல் நீண்டுகொண்டே போனது. மிளகாயிடம் யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்டதில்லை. கேட்கிறவன் வாயிலேயே அது பதில் சொல்லிவிடும் என்ற பயமாக இருக்கலாம்.

செடி வளர்ந்து பூத்தபோது அடுத்த சிக்கல். இரவு 13, 14 பாகைக்குக் கீழே போனால் பூ உதிரும். மச்சான் தன் பங்குச் செடிகளை நுவரெலியாவுக்குக் கொண்டுபோயிருந்தார். தை மாதத்துப் பனி அவற்றை முடித்துவைத்தது. எங்கள் பக்கத்தில் பழைய பொலித்தீனால் கூரை கட்டினோம். இரவில் சட்டிகள் அடுக்களைக்குள் வந்து படுத்தன. நாங்கள் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிப் படுத்தோம்.

குரங்குத் தொல்லை ஒன்றுதான் இல்லை. போஞ்சி, பேரிக்காய், வாழைக்குலை எதையும் விடாத கூட்டம் மிளகாய்ச் சட்டியை மோந்துவிட்டுப் போனது. இந்தக் குரங்குகளுக்காகத்தான் 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, ஐந்து நிமிடம், அவரவர் காணியில் நிற்கும் குரங்கு, மயில், மரஅணில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னது அரசாங்கம். எங்கள் லயத்தில் எண்ணப்போனவனின் பாண் துண்டை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு போனது. அது கணக்கில் சேர்ந்ததா தெரியாது.

காய் பழுத்தது. ஒரு செடியில் மட்டும் சாதுவான கறிமிளகாய் காய்த்தது. பொட்டலத்தில் கலந்து வந்த விதை. அக்கா மனதாரச் சமைத்தது அதைத்தான். ரீப்பரை ருசி பார்க்க ஆள் வேண்டும் அல்லவா? எங்கள் லயத்துக்கு மேலே ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவர் இருக்கிறார். தேத்தண்ணியைக் கரண்டியில் எடுத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினால் எந்த மலைக் கொழுந்து, இலை எத்தனை நேரம் வாடியது என்றெல்லாம் சொல்வார். மச்சான் மரியாதையாக அவரை அழைத்துவந்து நாற்காலி போட்டார்.

அவர் பழத்தைப் பிளந்தார். "உறைப்பு வெதையிலதான் தம்பி இருக்கு" என்று விதைகளைச் சுத்தமாகத் தட்டிவிட்டார். உண்மையில் உறைப்பு ஊறுவது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில். அந்த வெள்ளையில் ஒரு துண்டை நாக்கில் வைத்து, தொழில் பழக்கத்தில், தொண்டையின் அடிவரை போகும்படி ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்.

முதலில் கண் சிவந்தது, பிறகு காது. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். தொழிற்சங்கக் கூட்டத்தில்கூட நான் கேட்டிராத சில வார்த்தைகளைச் சொன்னார். அதற்குப் பிறகு சொன்னது ஒரே சொல்: "தேத்தண்ணி!"

எங்கள் ஊரில் காய்ச்சலுக்கும் தேத்தண்ணி, கல்யாணத்துக்கும் தேத்தண்ணி, சாவுக்கும் தேத்தண்ணி. இதற்கும் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தார்கள். மனிதர் கத்திய கத்தலில் கொழுந்து மடுவத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். காரணம் நாக்கின் நரம்பில் இருக்கிறது. 43 பாகைச் சூட்டை உணர்ந்து "சுடுது" என்று மூளைக்குச் சொல்லும் வாயிலையே மிளகாயின் கப்சைசினும் தட்டுகிறது. மூளைக்கு வித்தியாசம் தெரியாது. டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானி இந்த வாயிலை 1997இல் கண்டறிந்தார், 2021இல் நோபல் பரிசு பெற்றார். ஏற்கெனவே அலறிக்கொண்டிருக்கும் அதே வாயிலில் கொதிக்கிற தேத்தண்ணியை ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் டீமேக்கர் சாட்சி. கப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலில் இருக்கும் புரதம்தான் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அம்பேவலயில் பெரிய பால் பண்ணை இருக்கிறது, ஆனால் அந்த நேரத்துக்கு அது தூரம். வீட்டில் ஒளித்துவைத்திருந்த பால்மா பக்கற்றை அக்கா கண்ணீரோடு எடுத்துவந்தார். அவர் கண்ணீருக்குக் காரணம் மிளகாய் அல்ல, பால்மாவின் விலை.

அரை மணி நேரம் கழித்துக் குரல் திரும்பியதும் டீமேக்கர் தீர்ப்பு வழங்கினார்: "பிளேவர் நல்லாருக்கு. ஹை குரோன்."

இத்தனை கூத்தையும் பார்த்துக்கொண்டிருந்த அப்பாயி பீலிக்கரைப் பக்கம் போய், வேலியோரத்துச் செடியில் நாலு சின்னக் கொச்சியைக் கிள்ளிக்கொண்டு வந்து ரொட்டிக்குச் சம்பல் அரைத்தார். அந்தச் செடியை யாரும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. கொண்டைக்குருவி தின்று எச்சமிட்டு முளைத்தது. பறவைக்கு அந்த நரம்பு வாயில் கப்சைசினுக்குத் திறப்பதில்லை, உறைப்பே தெரியாது. பல்லில்லாத அலகு விதையை அரைக்காமல் அப்படியே விழுங்கி, தூரத்தில் போய்ப் போடும். எலி போன்றவை கடித்து அரைத்துவிடும் என்பதால் அவற்றைத் துரத்தவே மிளகாய் உறைப்பை வைத்திருக்கிறது என்று 2001இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்த ஏற்பாட்டில், உறைத்தால்தான் ஆச்சு என்று தேடிப்போய்த் தின்கிற மிருகம் மனிதன். கண்டத்திலிருந்து கண்டத்துக்கு விதை பரப்ப அதற்கு அவனைவிட நல்ல கூலியாள் கிடைக்கவில்லை.

ஆகவே குளிர்நாட்டில் மிளகாய் போட நினைக்கிறவர்களுக்கு என் முடிவு இதுதான். வீட்டுத் தேவைக்கு என்றால் வேலியோரத்துக் கொச்சி ஒன்று போதும். பெருமைக்கு என்றால் அமெரிக்கா வரை போக வேண்டாம். நம் நாட்டு நை மிரிஸ், ரீப்பரின் இனமேதான். ஒரு காயை உடையாமல் பருப்புக் கறியில் போட்டு எடுத்தால் வாசம் லயத்தின் தொங்கல் வரை போகும். எதைப் போட்டாலும் விதையைச் சூட்டில் வையுங்கள், நாற்றை ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள், பூவை இரவுப் பனிக்கு விடாதீர்கள். காயை வெட்டிய கையில் முதலில் எண்ணெய் பூசி, பிறகு சோப் போட்டுக் கழுவுங்கள். கண்ணைக் கசக்குவதும் பிள்ளையைத் தூக்குவதும் அதற்குப் பிறகுதான். ருசி பார்க்க ஆளைக் கூப்பிடுவதென்றால், பால்மாவை முந்தின நாளே வாங்கி வையுங்கள்.