ரயில் இல்லாத ஸ்டேஷன்

டாப் ஸ்டேஷனில் ரயில் கிடையாது. 1924-ல் மூணாறு மலையைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தோடு அது போய்விட்டது. மலையாள ஆண்டு 1099-ல் வந்ததால் அதைத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று கேரளத்தில் இன்றும் சொல்கிறார்கள். அதற்கு முன்பு மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பள்ளத்தாக்குக்கு இறங்கும். வடம் பாதியில் நின்று போன இடத்துக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பெயர். இன்றும் அங்கே ஒரு மலைக் கிராமம் இருக்கிறது. தண்டவாளமும் வடமும் போய்விட்டன, பெயர்கள் மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை.

தொண்ணூறுகளில் மதுரையில் படித்தபோது நண்பர்களோடு நான் அதிகம் போன இடம் டாப் ஸ்டேஷன்தான். மற்ற ஊர்களுக்கும் போனோம். பாண்டிச்சேரி, ராமேஸ்வரம், குற்றால சீசன் என்று எல்லாம் உண்டு. ஆனால் நட்பு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது போடி ரயில்தான். காலையில் மதுரையிலிருந்து கிளம்பும் மீட்டர் கேஜ் வண்டி. சுமார் 90 கிலோமீட்டர்தான், அதை அவசரமே இல்லாமல் ஓடிக் கடக்கும். உசிலம்பட்டியில் கூடைக்காரர்கள் ஏறுவார்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி மெல்ல ஏறும்போது ஜன்னலில் மலை தெரியும். அந்த நேரத்துக்குள் ஒருத்தன் வீட்டுக் கடன், இன்னொருத்தன் காதல், மூன்றாமவன் அரியர் எல்லாம் பேசி முடிந்திருக்கும். வேறு எதுவும் செய்ய முடியாது என்பதால்தான் பேசினோம். அந்த நெருக்கத்துக்கு அந்த வண்டியின் வேகம்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போடியில் இறங்கினால் ஏலக்காய் மணம். இட்லி சாப்பிட்டு, வாழையிலையில் எலுமிச்சை சாதம் கட்டி வாங்கிக்கொண்டு, குரங்கணி பஸ்ஸைப் பிடிப்போம். அங்கிருந்து நடை. வழிகாட்டி யாரும் இல்லை, தேவையும் இருக்கவில்லை. அது ஊர்க்காரர்கள் தினமும் நடந்த பாதை. காபி மூட்டை, இலவம்பஞ்சு, மளிகைச் சாமான் எல்லாம் குதிரை முதுகில்தான் ஏறும், இறங்கும். ஒரு வளைவில் எதிரே மணிச் சத்தம் கேட்டது. நாங்கள் மரியாதையாகப் பாதையின் வெளி ஓரத்துக்கு ஒதுங்கினோம். குதிரைக்காரர் மேலே இருந்தே சத்தம் போட்டார்:

“பள்ளத்துப் பக்கம் நிக்காதீங்கப்பா! மலையோட சாஞ்சு நில்லுங்க. மூட்டை இடிச்சா அம்புட்டுத்தான்.”

சாய்ந்து நின்றோம். மூட்டைகள் எங்கள் நெஞ்சை உரசிக்கொண்டு போயின. குதிரையின் வியர்வையும் காபிக்கொட்டையும் சேர்ந்த வாசனை. மலையில் எப்படி நிற்பது என்பதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். சென்ட்ரல் ஸ்டேஷனில் ஒரு வீட்டுத் திண்ணையில் கட்டங்காபி கொடுத்த அம்மா, “வெயில் காலத்துல இங்கிட்டு வராதீங்க தம்பி, புல்லு காஞ்சு கெடக்கும்” என்றார். அதற்குப் பிறகு நாங்கள் மழை முடிந்த மாதங்களில் மட்டுமே போனோம்.

அந்தப் புல்தான் 2018 மார்ச் 11-ம் தேதி பற்றிக்கொண்டது. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் தீயில் சிக்கின. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள். வார விடுமுறையில் தோழிகளோடு மலை பார்க்க வந்தவர்கள், எங்களைப் போலவே. காய்ந்த ஆளுயரப் புல்லில் காற்று வீசினால் தீ மேட்டை நோக்கி எவ்வளவு வேகமாக ஓடும் என்பது அந்தச் சரிவை மிதித்தவர்களுக்குத் தெரியும். செய்தி கேட்ட இரவில் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் போன் செய்தோம். யாருக்கும் பேச வரவில்லை.

அதன் பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. அவை வேண்டும் என்றே சொல்வேன். மலை எல்லோருக்கும் பொதுதான். ஆனால் சென்னையிலிருந்து நேரே வந்து இறங்குகிறவருக்குத் திண்ணை அம்மாவின் எச்சரிக்கை கிடைக்க வழியில்லை. அந்த வேலையை யாராவது பொறுப்பாகச் செய்யத்தான் வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி 40 தடங்களை அறிவித்தது. இணையத்தில் பதிவு செய்யலாம். உள்ளூர் மலைமக்களையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். அன்று தற்செயலாகக் கிடைத்த அறிவு இன்று ஏற்பாடாகக் கிடைக்கிறது.

ரயிலும் திரும்பிவிட்டது. அகலப்பாதைக்காக 2010 முடிவில் நின்ற போடி வண்டி, 2023 ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கியது. வாரத்தில் மூன்று நாள் சென்னை சென்ட்ரலில் இரவு ஏறிப் படுத்தால் காலையில் போடி. எங்கள் காலத்தில் கனவிலும் நினைக்காத வசதி.

இத்தனையும் கூடிவந்த நேரத்தில்தான் நாங்கள் போவதில்லை. ஆளுக்கொரு கார், ஆளுக்கொரு ஊர். வருஷத்துக்கு ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் அறை போட்டுச் சந்திக்கிறோம். ஒருவன் மதியம் வருவான், இன்னொருவன் மாலையில், வேறொருவன் சாப்பிட்டவுடன் கிளம்பிவிடுவான். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பயணம் இல்லை. ஒரே பெட்டியில் உட்கார்ந்து, ஒரே பஸ்ஸுக்குக் காத்திருந்து, மூச்சு வாங்குகிறவனுக்காக எல்லோரும் பாறையில் உட்கார்ந்தபோது இருந்த ஒட்டுதல் அதில் வருவதில்லை. போன முறை ஒருவன் அப்பா இறந்ததை எங்களுக்கு ஆறு மாதம் கழித்துச் சொன்னான். பழைய போடி வண்டியில் உசிலம்பட்டி தாண்டுவதற்குள் சொல்லியிருப்பான்.

உங்களுக்கும் இப்படி ஒரு கூட்டம் இருந்தால், தேதியைப் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். காரை வீட்டில் விட்டுவிட்டு எல்லோரும் ஒரே பெட்டியில் டிக்கெட் எடுங்கள். மலைக்குப் போவதானால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு, வழிகாட்டியோடு, மழை ஓய்ந்த குளிர்மாதங்களில் போங்கள். பிப்ரவரி பாதியிலிருந்து புல் காயும் காலம், அப்போது யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். குதிரை எதிரே வந்தால் மலைப்பக்கம் சாய்ந்து நில்லுங்கள்.