லத்தி இல்லாத கவர்னர்

வாடகைக்கு வீடு விட்டவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று புரியும். பத்திரம் உங்கள் பேரில். கூடத்தில் உங்கள் தாத்தா போட்டோவைக்கூட மாட்டிக்கொள்ளலாம். சாவி மட்டும் குடியிருப்பவர் இடுப்பில். கேட்டால், "கொஞ்சம் பொறுங்க சார், யுத்தம் முடியட்டும்" என்கிறார். அந்த வீட்டுக்குப் பெயர் அந்தமான்.

1942 மார்ச் 23 அன்று ஜப்பான்காரர்கள் போர்ட் பிளேரில் வந்து இறங்கினார்கள். சண்டை என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருஷம் அக்டோபரில், சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசை அறிவித்தார். பிரதமர், போர் மந்திரி, வெளியுறவு மந்திரி மூன்றும் அவரே. நிதிக்கு ஒருவர், பிரசாரத்துக்கு ஒருவர். பெர்லினில் அச்சடித்த தபால்தலைகூடக் கைவசம் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: நாடு.

நவம்பரில் டோக்கியோவில் ஒரு மாநாடு. ஜப்பான் பிரதமர் டோஜோ, அந்தமானையும் நிக்கோபாரையும் சீக்கிரமே போஸ் அரசிடம் ஒப்படைக்கத் தயார் என்று அறிவித்தார். அந்தத் 'தயார்' என்ற வார்த்தைக்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நிச்சயதார்த்தத்தன்று "அதுக்கென்ன, செஞ்சுட்டாப் போச்சு" என்று சொன்ன சம்பந்திகளை நாம் பார்க்காததா?

போஸுக்கும் ஓர் அவசரம் இருந்தது. வருஷம் முடிவதற்குள் இந்திய மண்ணில் கால் வைப்போம் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. டிசம்பர் 29 அன்று விமானத்தில் வந்து இறங்கினார். 30ஆம் தேதி ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடி ஏறியது. டெட்லைனுக்கு ஒரே ஒரு நாள் பாக்கி! மார்ச் 31 ராத்திரி டார்கெட்டைத் தொடுகிற நம் பேங்க் மேனேஜர்கள் இவர் படத்தை மாட்டிவைத்துக்கொள்ளலாம்.

உபசாரத்தில் குறையில்லை. ராஸ் தீவில், வெள்ளைக்கார சீஃப் கமிஷனர் குடியிருந்த பங்களாவிலேயே தங்கவைத்தார்கள். செல்லுலார் ஜெயிலைச் சுற்றிக் காட்டினார்கள். ஜப்பான்காரர்களே பிடித்து அடைத்து வதைத்துக்கொண்டிருந்த இந்தியர்களை மட்டும் காட்டவில்லை. எதைக் காட்டக்கூடாது என்பதுதானே டூரிஸ்ட் கைடுக்கு முதல் பாடம்.

அந்தமானுக்கு ஷஹீத், நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்று பேரும் சூட்டியாகிவிட்டது. குழந்தைதான் இன்னும் பக்கத்து வீட்டுத் தொட்டிலிலேயே கிடந்தது.

அதைத் தூக்கிவர ஒரு பெரிய மனிதர் வேண்டுமே! அகப்பட்டவர் நம்ம ஊர்ப் பேர்க்காரர், ஆற்காடு துரைசாமி லோகநாதன். ஐம்பதைத் தாண்டிய ராணுவ டாக்டர். போஸின் இந்திய தேசிய ராணுவத்தில், அதாவது ஐ.என்.ஏ.வில், மருத்துவப் பிரிவுக்குத் தலைவர். புதுப் பதவி சீஃப் கமிஷனர், அதாவது கவர்னர் மாதிரி. அவர் பேரின் முதல் பாதியைக் கவனித்தீர்களா? பட்டமும் பல்லக்கும் நவாபுக்கு, வசூலும் பட்டாளமும் கம்பெனிக்கு என்ற பழைய ஆற்காட்டுக் கூத்து ஞாபகம் வருகிறதா? ஜப்பான்காரர்கள் நம் சரித்திரத்தைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்களோ என்னவோ!

1944 பிப்ரவரியில் டாக்டர் வந்து சேர்ந்தார். பரிவாரம் மொத்தத்தையும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். வந்ததும் அவர் கேட்ட முதல் இலாகா போலீஸ். ஜப்பான்காரர்கள் இளித்தார்கள். போர்க்காலம், முக்கியமான இடம், போலீஸ் மட்டும் எங்களிடமே இருக்கட்டும் என்றார்கள். அப்படியானால் மற்றதும் வேண்டாம் என்றார் டாக்டர். கடைசியில் அவர் கையேற்றது கல்வி இலாகா ஒன்றே. தீவுக்கூட்டம் முழுவதற்கும் கவர்னர், அதிகாரமோ பள்ளிக்கூட மணி கேட்கிற தூரம் வரைக்கும்!

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? வருவாய், பொதுப்பணி, சுகாதாரம் என்று கொடுத்ததை எல்லாம் வாங்கி வாசலில் போர்டு மாட்டியிருப்போம். இலாகா இல்லாத மந்திரிகூட சைரன் வைத்த காரை விடமாட்டார். இந்த மனுஷர் மட்டும் ஏன் அடம்பிடித்தார்?

சிரிப்பை இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்வோம். கொடி ஏறிச் சரியாக ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, அந்தமானின் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை உளவாளிகள் என்று சந்தேகித்து ஜப்பான்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். பலர் இந்திய சுதந்திர லீகைச் சேர்ந்தவர்கள், அதாவது போஸின் ஆட்களே. லீகின் உள்ளூர்த் தலைவர் டாக்டர் திவான் சிங் அதே மாதம் 14ஆம் தேதி செல்லுலார் ஜெயிலில் சித்திரவதையில் செத்துப்போயிருந்தார். லத்தி அவர்கள் கையில், நிர்வாகம் என் கையில் என்று லோகநாதன் ஒப்புக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடி அவர்களுடையது, அடியில் கையெழுத்து இவருடையது.

தஞ்சாவூர் பொம்மை வாங்க வந்தவர்களுக்குத் தலையாட்டாத பொம்மை வாய்த்துவிட்டது. அதே வருஷக் கடைசிக்குள் உடம்பும் கெட்டு, டாக்டர் கிளம்பிவிட்டார்.

இந்த ஒற்றை இலாகா பிறகு டெல்லி செங்கோட்டை வரை போனது. 1945 கடைசியில் ஐ.என்.ஏ. அதிகாரிகள் மேல் விசாரணை. இவர்கள் கலகக்காரர்கள் இல்லை, ஓர் அரசாங்கத்தின் சிப்பாய்கள் என்பது வக்கீல் புலாபாய் தேசாயின் வாதம். அரசாங்கம் என்றால் மண் வேண்டும், மண் என்றால் அந்தமான், அந்தமான் என்றால் கூப்பிடு லோகநாதனை! கூண்டேறிய சாட்சி, போலீஸைத் தராததால் கல்வியை மட்டுமே ஏற்றேன் என்று உள்ளதைச் சொன்னார். தன் கட்சி வக்கீலின் வயிற்றில் புளியைக் கரைப்பதற்கும் ஒரு நேர்மை வேண்டும்.

அதற்குச் சில மாதங்கள் முன்னால் நடந்ததைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். 1945 ஏப்ரல் 24 அன்று போஸ் ரங்கூனை விட்டுக் கிளம்பினார். ஜப்பான்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். பிரிட்டிஷ் படை இன்னும் வரவில்லை. நடுவில் ஒரு பெரிய நகரம் அனாதையாகக் கிடந்தது. 1942இல் வெள்ளைக்காரன் ஓடியபோது அங்கே நடந்த கொள்ளையும் தீவைப்பும் யாருக்கும் மறந்திருக்காது. அது மறுபடி நடக்காமல் பார்த்துக்கொள்ள, சுமார் 6,000 சிப்பாய்களோடு விட்டுவைக்கப்பட்டவர் நம் டாக்டர்.

கொடியேற்றம் கிடையாது. பேர்சூட்டு விழா கிடையாது. கவர்னர் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. மே முதல் வாரம் பிரிட்டிஷ்காரர்கள் வந்து சேரும்வரை ரங்கூனில் அவர் பார்த்தது ரோந்து, காவல், கடைவீதியில் கொள்ளை போகாமல் தடுப்பது. அந்தமானில் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத அதே இலாகா!