யாரிடம் போய் நின்றார்கள்

முகமது அலிக்கு அடுத்து யார்? 1970களின் பிற்பாதியில் ஊத்துக்குளியிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போய்வந்த எங்கள் செட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு நாளும் ஒரே பதில் கிடைத்ததில்லை. காலை பாசஞ்சரில் ஆரம்பிக்கும் பேச்சு பனியன் கம்பெனியின் கட்டிங் டேபிள் வரை வரும். துணியில் மார்க் போடுகிற சாக்பீஸால் டேபிள் ஓரத்தில் பத்து ஹெவிவெயிட் பெயர்களை எழுதுவோம். சாப்பாட்டு நேரத்தில் எழுதியது சாயங்கால டீக்குள் மாறியிருக்கும். அலியின் பெயரை மட்டும் யாரும் தொடமாட்டார்கள்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவருடைய சண்டையைக்கூட நாங்கள் பார்த்தது கிடையாது. எங்கள் ஊர்ப்பக்கம் டி.வி. வராத காலம். தினசரியில் நாலு வரி வரும். ஜெயித்தவர் யார், எத்தனையாவது ரவுண்டு, எந்த ஊர், அவ்வளவுதான். கிங்ஸ்டன், கின்ஷாசா, மணிலா, கராகஸ் என்று உலகத்து ஊர்களை அந்த நாலு வரியில்தான் தெரிந்துகொண்டோம். 1978இல் ‘ஸ்போர்ட்ஸ்டார்’ வர ஆரம்பித்த பிறகு, வாங்க முடிந்தவர்கள் வாங்கிய இதழைக் கை மாற்றிக் கை மாற்றிப் படம் பார்த்தோம்.

நான் கைமடியாக, அதாவது உதவியாளாக, சேர்ந்த புதிது. கட்டிங் மாஸ்டர் என் தாய்மாமா. இளவயதில் மெட்ராஸ் துறைமுகத்தில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து மோதிய சண்டைகளும், ‘ரோஷமான குத்துச்சண்டை’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டிய சுவரொட்டிகளும் அவர் பேச்சில் அடிக்கடி வரும். கித்தேரி முத்து, டைகர் நாட் டெர்ரி என்ற பழைய குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி அங்கே பெரியவர்கள் சொல்லக் கேட்டவர். எங்கள் செட்டில் குத்துச்சண்டை மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

ஓவர்லாக் அடித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் ஜார்ஜ் ஃபோர்மன் கட்சி. அவர் கையில் அசைக்க முடியாத ஆதாரம் இருந்தது. 1973 ஜனவரி 22, ஜமைக்காவின் கிங்ஸ்டன். அதுவரை தோல்வியே காணாத சாம்பியன் ஜோ ஃப்ரேஸியரை ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளிவிட்டார். “ஆறு தடவ உழுந்தவன ரெண்டாவதா எழுதறீங்களே, இது நாயமுங்களா மாஸ்டரு?” என்று கேட்பார்.

மாமா சாக்பீஸைக் கீழே வைக்காமல் பதில் சொல்வார். “யாரு யாரை அடிச்சாங்கறத உடுங்க. யாருகிட்ட போயி நின்னாங்கறதப் பாருங்க. ஆறு தடவ உழுந்தவன் ஆறு தடவயும் எந்திரிச்சிருக்கறான். மூணு வருசங் கழிச்சு மறுபடியும் அதே ஆளுகிட்டப் போயி நின்னிருக்கறான்.”

1976 ஜூனில் நடந்த அந்த இரண்டாவது சண்டையிலும் ஐந்தாவது ரவுண்டில் ஃப்ரேஸியர் தோற்றார். ஆனால் மாமாவின் கணக்கில் அவர் இடம் இறங்கவில்லை. ஃப்ரேஸியர் தொழில்முறையில் ஆடியது 37 சண்டை. 32இல் வெற்றி, ஒன்று சமன், நான்கு தோல்வி. அந்த நான்கில் இரண்டு அலியிடம், இரண்டு ஃபோர்மனிடம். வேறு எவரும் அவரை ஜெயித்ததே இல்லை. தோற்க வேண்டுமென்றால் இன்னாரிடம்தான் தோற்பது என்று இருந்த மனிதரை எந்தக் கணக்கில் கீழே இறக்குவது?

அன்று மாமா வாய்வார்த்தையாகச் சொன்ன அந்த விதியைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன். 70களின் ஹெவிவெயிட்டுகள் உயர்ந்து நிற்பது அவர்களுடைய வெற்றி எண்ணிக்கையால் இல்லை. ஒருவரை ஒருவர் தேடிப் போய் மோதியதால். அலியும் ஃப்ரேஸியரும் மூன்று முறை, அதில் கடைசி மணிலாவில். அலியும் கென் நார்ட்டனும் மூன்று முறை. 1973 மார்ச்சில் சான் டியாகோவில் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார் நார்ட்டன். ஆறே மாதத்தில் அலி மறுபடி அவர் முன்னால் வந்து நின்றார். மூன்றாவது சண்டை 1976இல் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்தது. தீர்ப்பு அலிக்குப் போனது சரியா என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. மூன்றையும் கூட்டினால் 39 ரவுண்டு. ஒன்றுகூட நாக்கவுட்டில் முடியவில்லை. அதே நார்ட்டன் கராகஸில் ஃபோர்மனிடம் இரண்டு ரவுண்டுதான் தாங்கினார். அந்த ஃபோர்மனைக் கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் சாய்த்தவர் அலி. நேர்கோட்டில் வரிசை போட முடியாதபடி இவர்கள் ஒருவரோடு ஒருவர் பின்னிக் கிடந்தார்கள். எங்கள் டேபிளில் பெயர்கள் ஓயாமல் ஏறி இறங்கியதற்குக் காரணம் அதுதான்.

1980 தொடக்கத்தில் அலி மெட்ராஸுக்கு வந்தார். எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த சமயம். நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிச் சண்டை, எதிரில் ஜிம்மி எல்லிஸ். மாமா லீவு போட்டுவிட்டுத் திருப்பூரில் ரயிலேறினார். திரும்பி வந்ததும் அலியைப் பற்றிக் கேட்கக் காத்திருந்தோம். அவர் பேசியது எல்லிஸைப் பற்றி. “அத்தன சனமும் அலியப் பாக்க வந்துது மாப்ளே. எதுத்தாப்ல நின்ன மனுசன் யாருன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. அவனும் சாம்பியனா இருந்தவன்தான்.”

உண்மை. அலியின் சொந்த ஊரான லூயிவில்தான் எல்லிஸுக்கும். அமெச்சூர் காலத்தில் இருவரும் இரண்டு முறை மோதி ஆளுக்கொன்று ஜெயித்தவர்கள். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967இல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டபோது, காலியான இடத்துக்கு டபிள்யூ.பி.ஏ. என்ற குத்துச்சண்டை அமைப்பு ஒரு போட்டி வைத்தது. அதன் இறுதியில் 1968 ஏப்ரலில் ஜெர்ரி குவாரியை வென்று பட்டம் எடுத்தவர் எல்லிஸ். 1970இல் ஃப்ரேஸியரிடம் இழந்தார். 1971இல் அலியிடமும் தோற்றார். அந்தச் சண்டையில் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி, அலியின் பக்கம் நிற்காமல் எல்லிஸின் மூலையில் நின்றார், ஏனென்றால் எல்லிஸுக்கு மேனேஜரும் அவரே. 1975இல் பயிற்சியின்போது பட்ட அடியில் எல்லிஸின் இடது கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. அத்தோடு சண்டையை விட்டார். மெட்ராஸ் சனங்கள் பார்த்தது அந்தக் கண்ணோடு மேடை ஏறிய எல்லிஸை. இதை நான் தெரிந்துகொண்டது பல வருஷம் கழித்து. மாமா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அதே பயணத்தில் டெல்லியில் அலியின் முன்னால் நின்றவர் பஞ்சாபைச் சேர்ந்த ராணுவ வீரர் கவுர் சிங். இரண்டு வருஷம் கழித்து 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வாங்கினார். மாமா அவருக்கு டேபிளில் தனியாக ஒரு கோடு இழுத்து இடம் கொடுத்தார்.

1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளிகள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டேபிள் இல்லை, சம்பளம் இல்லை. ஊத்துக்குளி ஆர்.எஸ். டீக்கடையில் கடனுக்கு டீ குடித்துக்கொண்டு வரிசையைப் பேசிப் பேசியே நாட்களைத் தள்ளினோம். முதன்முதலாகப் பத்துப் பெயரும் முடிவானது அப்போதுதான்.

இப்போது வேலைக்கு நாங்கள் திருப்பூர் போக வேண்டியதில்லை. ஊத்துக்குளியைச் சுற்றி ஊருக்கு ஊர் பவர் டேபிள் ஓடுகிறது. நானும் சில மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிறேன். தைக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். கொஞ்ச நாளைக்கு முன்னால் பிரிண்ட் அடித்த டி-சர்ட் பீஸ்கள் தையலுக்கு வந்தன. நெஞ்சில் அலி. 1965 மே மாதம் மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டனில் எடுத்த படம், விழுந்து கிடப்பவரைப் பார்த்து அலி கை மடக்கிக் கத்துகிறாரே, அது. ஒடிசாப் பையன் ஒருவன் பீஸைத் தூக்கிக் காட்டி, “அண்ணா, கீழ யாரு?” என்று கேட்டான்.

நான் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னேன். அவர் சன்னி லிஸ்டன். ஆர்கன்சாவில் குத்தகைக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்த வருஷம்கூடச் சரியாகத் தெரியாது. குத்துச்சண்டை கற்றது சிறைச்சாலையில். 1962இல் ஃப்ளாய்ட் பேட்டர்சனை முதல் ரவுண்டிலேயே வீழ்த்தி உலக சாம்பியன் ஆனவர். 1971 ஜனவரியில் லாஸ் வேகாஸ் வீட்டில் இறந்துகிடந்ததைக் கண்டார்கள். அலி அலியானது இவரை ஜெயித்துத்தான்.

அன்றிலிருந்து ராத்திரி ஷிஃப்ட் டீ நேரத்தில் பையன்கள் போனில் பழைய சண்டைகளைப் போட்டுப் பார்க்கிறார்கள். மணிலாவையும் கின்ஷாசாவையும் ஓடுகிற படமாக அவர்களோடு சேர்ந்துதான் நானும் முழுதாகப் பார்த்தேன். நாலு வரிச் செய்தியில் பிடிபடாத ஒன்று அதில் புரிந்தது. அன்று பட்டச் சண்டை 15 ரவுண்டு. 1982இல் கொரியாவின் கிம் டுக்-கூ சண்டையில் அடிபட்டு இறந்த பிறகு 12 ஆகக் குறைத்தார்கள். செய்ய வேண்டிய காரியம்தான் அது. ஆனால் அந்தக் கடைசி மூன்று ரவுண்டில் எவ்வளவு நடந்திருக்கிறது! 1971 மார்ச் 8 அன்று ஃப்ரேஸியர் இடது கொக்கிக் குத்தில் அலியைத் தரையில் சாய்த்தது 15வது ரவுண்டில். 1978இல் லாரி ஹோம்ஸ் நார்ட்டனை ஒரே புள்ளியில் முந்திப் பட்டம் எடுத்ததும் 15வது ரவுண்டில்.

பையன்கள் இந்தக் காலத்து டைசன் ஃப்யூரியைச் சொல்வார்கள், உசிக்கைச் சொல்வார்கள். திறமையில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் நான்கு அமைப்பு, நான்கு பெல்ட், வருஷக்கணக்கில் ஒப்பந்தப் பேச்சு. 1999இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு எல்லாப் பட்டமும் ஒரே ஹெவிவெயிட்டிடம் வந்தது 2024 மே மாதம், உசிக்கிடம்தான். அத்தனை வருஷம் பெரியவர்கள் பெரியவர்களைச் சந்திக்காமலே தள்ளிப்போனது. ஜெயித்த கணக்கு மட்டும் வளர்ந்தது.

படமாகப் பார்த்த பிறகு மாமாவின் விதியோடு நான் இன்னொன்றைச் சேர்த்தேன். நின்றவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். அலிக்கு 1984இல் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. குவாரி மூளை சிதைந்து 53 வயதில் போனார். எல்லிஸும் கடைசிக் காலத்தில் நினைவு தப்பியே வாழ்ந்து 2014இல் இறந்தார். அதனால் மணிலாவில் 14வது ரவுண்டு முடிந்ததும் ஃப்ரேஸியர் எழுந்து போகத் துடித்தும் விடாமல் சண்டையை நிறுத்திய பயிற்சியாளர் எடி ஃபச்சையும் இந்த வரிசையோடு சேர்த்தே பேசுகிறேன். நிற்பவனின் தைரியத்துக்கு இருக்கிற மரியாதை, போதும் என்று நிறுத்துகிறவனின் தைரியத்துக்கும் வேண்டும். அந்த இரவுகளைப் பார்த்த பையன்களும் இதை ஒப்புக்கொண்டார்கள்.

என் வரிசை இதுதான். அலி, ஃப்ரேஸியர், ஃபோர்மன், ஹோம்ஸ், நார்ட்டன், ஜிம்மி யங், குவாரி, ரான் லைல், எர்னி ஷேவர்ஸ், எல்லிஸ். அடித்த கையின் பலத்தை மட்டும் பார்த்தால் ஃபோர்மன்தான் இரண்டாவது. 45 வயதில், 1994இல், மறுபடி பட்டம் வாங்கிய மனிதர் அவர். இருந்தாலும் அலியைத் தோற்கடித்த முதல் ஆளுக்கு, அதுவும் 15 ரவுண்டும் நின்று தோற்கடித்தவருக்கு, மேல் இடம் கொடுக்கிறேன். யங் 1977இல் ஃபோர்மனையே வென்றவர், லைலை இரண்டு முறை வென்றவர். குவாரி, லைலையும் ஷேவர்ஸையும் ஒரே வருஷத்தில் ஜெயித்தவர்.

பத்தாவது இடம் எல்லிஸுக்கு எதற்கு என்று கேட்கிறவர்களிடம் நான் அதிகம் பேசுவதில்லை. ஷேவர்ஸ் அவரை ஒரே ரவுண்டில் சாய்த்ததும் தெரியும். ஆனால் என் வரிசையில் ஏழாவதாக இருக்கும் குவாரியை 15 ரவுண்டு ஆடி வென்று பட்டம் எடுத்தவர் எல்லிஸ். அதன்பின் ஃப்ரேஸியரிடமும் அலியிடமும் போய் நின்றவர். வேறு பெயர் போட வேண்டும் என்கிறவர்கள், அந்த ஆள் யாரிடம் போய் நின்றார் என்று முதலில் சொல்லட்டும்.