பரிந்துரைத் துறைக்கு ஒரு மனு

அனுப்புநர்: மனுதாரர் (பெயர், வயது, தூங்கும் நேரம் முதலிய விவரங்கள் தங்கள் கோப்பில் உள்ளபடி)

பெறுநர்: உயர்திரு அல்காரிதம் அவர்கள், பரிந்துரைத் துறை, அனைத்துக் கைப்பேசிகள்

பொருள்: அடுத்து எதைப் பார்ப்பது என்பதைத் தாங்களே முடிவு செய்தருள்வது – நன்றி தெரிவித்தல் மற்றும் விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: நள்ளிரவுக்குப் பின் வந்த தங்கள் அறிவிப்பு.

பெருமதிப்பிற்குரியீர்,

மேற்படி மனுதாரர் வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கே இரண்டு இணைப்பும் ஒரு சான்றொப்பமும் கேட்ட துறை அது. தாங்களோ ஒரு காகிதமும் கேட்காமல் அவரை முழுதாக அறிந்துகொண்டதாக நம்புகிறீர்கள். அதற்காக முதற்கண் நன்றி.

அவருடைய கைப்பேசியை வீட்டில் நால்வர் புழங்குகிறார்கள். காலையில் பேரன் ஜேசிபி பள்ளம் தோண்டுவதைப் பார்ப்பான். மதியம் மருமகள் ஆரி ஒர்க் ரவிக்கை பார்ப்பார். மாலையில் மனைவி சொற்பொழிவு கேட்பார். இரவில் மனுதாரர், சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு கேட்குமா என்று தேடுவார். இந்த நால்வரையும் தாங்கள் ஒரே ஆளாகப் பதிந்து வைத்திருக்கிறீர்கள். அந்த ஆளுக்கு அண்மையில் வந்த பரிந்துரை, பாறை உடைக்கும் இயந்திரம். அது பேரனுக்கா, கல்லுக்கா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தாங்கள் யாரையும் ஆளாகப் பார்ப்பதே இல்லை என்பது, தங்கள் துறையின் பழைய கோப்புகளைப் புரட்டியபோதுதான் மனுதாரருக்குத் தெரியவந்தது.

1994-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் குரூப்லென்ஸ் என்றொரு முறையை அமைத்தார்கள். முன்பின் அறியாத இருவர் பழைய செய்திகளுக்கு ஒரே மாதிரி மதிப்பெண் போட்டிருந்தால், புதிய செய்தியிலும் ஒத்துப்போவார்கள் என்பது அதன் கணக்கு. அமேசான் அதைத் திருப்பிப் போட்டது. அந்நிறுவனத்தார் 2003-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆளோடு ஆளை ஒப்பிடுவதைவிடப் பொருளோடு பொருளை ஒப்பிடுவது சுலபம். உளுந்து வாங்குகிறவர் வெந்தயமும் வாங்குவார் என்பது மளிகைக்கடை அண்ணாச்சிக்குத் தெரியும். அந்த வீட்டில் இட்லி யாருக்குப் பிடிக்கும் என்று அவர் விசாரிப்பதில்லை. இப்படியொரு ஜோடிப் பட்டியலை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொண்டால், எத்தனை கோடி வாடிக்கையாளர் வந்தாலும் நொடியில் சரக்கை எடுத்துக் காட்டிவிடலாம்.

அடுத்த கோப்பு நெட்ஃபிளிக்ஸ் பரிசு. 2006-ல் அந்நிறுவனம், தன் பரிந்துரையின் துல்லியத்தை 10 சதவீதம் கூட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவித்தது. பயிற்சிக்காகச் சுமார் 4,80,000 பேர் போட்ட 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. 2009-ல் இரண்டு அணிகள் ஒரே துல்லியத்தோடு வந்து நின்றன. 20 நிமிடம் முந்திக் கொடுத்த அணிக்குப் பரிசு போனது. காலதாமதத்துக்காக விண்ணப்பத்தைத் தள்ளும் மரபு உலகப் பொதுவானது என்று அறிந்து மனுதாரர் மகிழ்ந்தார். வென்ற முறையை நெட்ஃபிளிக்ஸ் முழுமையாகப் பயன்படுத்தவே இல்லை என்று படித்தபோது மகிழ்ச்சி இரட்டிப்பானது. இடையில் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், பெயர் நீக்கிய அந்தப் பட்டியலைப் பொதுவெளியில் கிடந்த திரை விமர்சனங்களோடு ஒப்பிட்டு, சிலரை யாரென்று கண்டுபிடித்துவிட்டார்கள். வழக்கும் வந்தது. நெட்ஃபிளிக்ஸ் அறிவித்திருந்த இரண்டாவது போட்டி 2010-ல் கைவிடப்பட்டது.

அதற்குப் பின் தாங்கள் கருத்துக் கேட்பதைக் குறைத்துக்கொண்டு, கவனிப்பதைக் கூட்டிக்கொண்டீர்கள். 2012-ல் யூடியூப், எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முதலிடம் கொடுத்தது. 2016-ல் அதன் பொறியாளர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது: லட்சக்கணக்கான காணொளிகளில் சில நூறை முதலில் பொறுக்குவது, பிறகு அந்தச் சில நூறையும் இவர் எவ்வளவு நேரம் பார்ப்பார் என்று யூகித்து வரிசைப்படுத்துவது. இது இவருக்கு நல்லதா என்று கேட்கும் கட்டம் அந்தக் கட்டுரையில் இல்லை.

இனி மனுவின் மையப் பொருளுக்கு வருகிறோம். தங்களைப் பற்றி யார் கேட்டாலும் ‘அல்காரிதம் அப்படி முடிவு செய்தது’ என்கிறார்கள், தாங்கள் ஏதோ சுயம்பு போல. ஆனால் 2023 மார்ச் 31 அன்று ட்விட்டர் தன் பரிந்துரை நிரலைத் திறந்து காட்டியதை அடுத்து, மதிப்பெண் பட்டியலும் வெளிவந்தது. ஒரு பதிவுக்குப் பயனர் விருப்பக்குறி இடும் வாய்ப்பை யூகித்து 0.5-ஆல் பெருக்கினார்கள். மறுபகிர்வுக்கு 1. பதில் எழுதினால் 13.5. அந்தப் பதிலுக்கு, பதிவை எழுதியவரும் எதிர்வினை காட்டினால் 75. புகார் செய்தால் 369 கழித்தல். எல்லாவற்றையும் கூட்டி, அதிகம் வருவது மேலே. ஆமோதித்துவிட்டு அமைதியாகப் போகிறவருக்கு அரை மதிப்பெண். வம்பிழுத்துப் பதிலும் வாங்குகிறவருக்கு அதைப்போல் 150 மடங்கு. இந்த எண்களை எந்த இயந்திரமும் கனவில் கண்டு சொல்லவில்லை. சம்பளம் வாங்கும் மனிதர்கள் உட்கார்ந்து எழுதினார்கள்.

ஃபேஸ்புக் கதையும் இதேதான். 2017-ல் அங்கே கோபக்குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு விருப்பக்குறியைப்போல் ஐந்து மடங்கு எடை தரப்பட்டது. கோபம் அதிகம் கிளம்பும் பதிவுகளில் பொய்யும் வெறுப்பும் கூடுதல் என்று நிறுவனத்துக்குள்ளேயே சொல்லப்பட்டு, 2020-ல் கோபத்தின் எடை பூஜ்யமானது. இந்த உள்விவரம் 2021-ல் கசிந்த ஆவணங்களால்தான் உலகுக்குத் தெரிந்தது. ஆக, எண்ணை மாற்ற முடியும், மாற்றியும் இருக்கிறார்கள்.

‘பிடிக்கவில்லை என்றால் பொத்தானை அழுத்தலாமே’ என்று தாங்கள் பதிலளிக்கக்கூடும். மோசில்லா அறக்கட்டளை 20,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களை வைத்து யூடியூபில் அதைச் சோதித்து, 2022-ல் முடிவை வெளியிட்டது. ‘ஆர்வமில்லை’ பொத்தான் வேண்டாத பரிந்துரைகளில் 11 சதவீதத்தைத்தான் தடுத்தது. ‘இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே’ 43 சதவீதம். குறைதீர் நாளில் மனு வாங்கி மேசைக்கடியில் போட்ட அலுவலகத்தில்கூட இதைவிடக் கூடுதலாகத் தீர்வு கிடைத்ததாக மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறார்.

எனவே கோரிக்கைகள் மூன்று. ஒன்று, ஒவ்வொரு பரிந்துரையின் கீழும் ‘இது ஏன் வந்தது’ என்று ஒரு வரி, புரியும் தமிழில். இரண்டு, எந்தச் செயலுக்கு எத்தனை மதிப்பெண் என்ற பட்டியல், அது மாறும்போதெல்லாம் பொதுப்பார்வைக்கு. மூன்று, தங்களுக்கு விடுப்புக் கொடுக்கும் ஒரு பொத்தான். மூன்றாவது புதிதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, பயனரை அளந்து பார்க்காத பரிந்துரை முறை ஒன்றையாவது பெரிய தளங்கள் தந்தாக வேண்டும் என்கிறது. 2023 ஆகஸ்டில் பெருந்தளங்களுக்கு அது நடைமுறைக்கு வந்துவிட்டது. சீனாவில்கூட 2022 மார்ச் முதல், பரிந்துரையை அணைக்கும் வசதியைத் தர வேண்டும் என்பது விதி. அதே 2023-ல் நிறைவேறிய இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பரிந்துரை முறைகளுக்கென்று இப்படித் தனி விதி இல்லை.

இப்படிக்கு,
மனுதாரர் (மற்றும் அதே ஆளாகிய மூவர்)

நகல்: மத்திய மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், புது தில்லி – ஐரோப்பாவில் 27 நாட்டு மக்களுக்குக் கிடைத்த பொத்தான் இங்கும் கிடைக்கச் சட்டம் இயற்றி ஆவன செய்யுமாறு.