எடை விலையும் ஆசை விலையும்: திருக்காட்டுப்பள்ளிப் பழம்பாத்திரக் கொள்முதல் குறித்து ஓர் ஆய்வு

1. களம்

மேலைநாட்டார் வேண்டாத சாமான்களை வாசலில் பரப்பி, விலை ஒட்டி விற்பர். காவிரியும் குடமுருட்டியும் பாயும் திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் இவ்வழக்கம் வேர்பிடிக்கவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, இங்கே 'வேண்டாத சாமான்' என்றோர் இனமே கிடையாது, பரண் உண்டு. இரண்டாவது, வாசலில் அண்டாவைப் பரப்பினால், "என்ன கஷ்டமோ, பாவம்" என்று தெருவே விசாரிக்க வந்துவிடும். ஆகவே பழம்பாத்திரம் பரணிலிருந்து சத்தமில்லாமல் இறங்கி, காயலான் கடைக்கோ, பழசுக்குப் புதுசு தரும் பாத்திரக் கடைக்கோ போய்ச் சேர்கிறது. நம் ஆய்வுக்களம் அவையே.

2. முன்னோர் ஆய்வு

பழைய கார்ச் சந்தையை வைத்து, சரக்கின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்று 1970-இல் எழுதினார் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப். 2001-இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றார். தஞ்சாவூர் ஜில்லாப் பாட்டி எவருடனும் அவர் கடைக்குப் போனதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும். இங்கே அண்டாவைப் பற்றிப் பாட்டிக்கே அதிகம் தெரியும். கடைக்காரர் படித்திருப்பது பாட்டியின் முகத்தை.

3. மூலக் கோட்பாடு

ஒரே பாத்திரத்துக்கு இரண்டு விலை. தராசில் கிடக்கும்வரை எடை விலை. எவரேனும் இரண்டாம் முறை திரும்பிப் பார்த்துவிட்டால் ஆசை விலை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீட்டுச் சாமான்கள் எப்போதோ ஆசை விலைக்கு ஏறிவிட்டன. 1900-இல் திறந்து 1985-இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டோடு பழம்பொருள் பேரத்தின் பெரும் பல்கலைக்கழகம் ஒன்றும் போயிற்று. எஞ்சியிருப்பவை நம்மூர்த் திண்ணைப் பள்ளிகளே.

4. விதிகள்

அ. முகவிதி: வேண்டியதைப் பார்க்காதே, வேண்டாததற்கு விலை கேள்.

"ஏம்பா, இந்த ஓட்டைக் குடம் என்ன வெல?"

"ஓட்டையில்லீங்கம்மா, ஒடுக்கு."

"சரி, விடு. அந்தா கெடக்கே உருளி, அதையாவது சொல்லு."

உருளிக்காகவே பாட்டி பஸ் ஏறி வந்தார் என்பதை இவ்வுரையாடலின் எப்பகுதியும் காட்டிக்கொடுக்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

ஆ. போணிவிதி: கடை திறந்ததும் போ. முதல் போணியை வெறுங்கையோடு அனுப்பக் கடைக்காரருக்கு மனம் வராது.

இ. காலவிதி: ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் உழவு, நடவு, உரம் என்று கைப்பணம் வயலுக்குப் போகும், பாத்திரம் கடைக்குப் போகும். சம்பா அறுத்துத் தை பிறந்தால் கல்யாணச் சீர் வரிசைக்கு அதே பாத்திரம் தேடப்படும். ஆடியில் ஜவுளிக்கடை தள்ளுபடியைத் தட்டி கட்டி அறிவிக்கிறது. காயலான் கடை அறிவிக்காமலே தருகிறது.

ஈ. உலோகவிதி: சுண்டிப் பார். வெண்கலம் நின்று ஒலிக்கும். பித்தளை சீக்கிரம் ஓயும். ஈயச்சொம்பில் மிகுந்த கவனம் தேவை. ரசத்துக்கு ஆகிவந்தது வெள்ளீயம், காரீயம் நஞ்சு. வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துக் கரிக்கோடு விழுந்தால் மலிவாயினும் கீழே வை. வெள்ளீயமும் 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால் வெறும் சொம்பை அடுப்பிலேற்றுபவருக்கு எந்தப் பேரமும் லாபமில்லை. உள்ளே புளித்தண்ணீர் இருக்கட்டும், பிறகு தீ.

உ. பெயர்விதி: பாத்திரத்தில் பெயர் வெட்டியிருந்தால், "யார் வூட்டுப் பேரோ, எனக்கெதுக்கு?" என்று முகம் சுளி, விலை இறங்கும். வெட்டியிருப்பது சொந்த நாத்தனார் பெயராயின் பேரத்தை உடனே முடித்து, செய்தியைத் தனியே கொண்டு செல்க. உருளியைவிட அது பெறுமதி மிக்கது.

5. முடிவும் பரிந்துரையும்

இவ்வைந்து விதிகளும் பழுதின்றி நிறைவேறி வாங்கப்பட்ட உருளி, வீடு வந்ததும் பரணேறுகிறது. ஆனால் வாங்கிய விலை இறங்காமல் ஊரெல்லாம் சுற்றுகிறது; மலிவின் முழுப்பயனும் அதுவே. ஆகவே கொள்முதலுக்குத் தனியாகவோ, வாய் திறவாத மருமகளுடனோ செல்லலாம். பட்டணத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்த மாமாவை மட்டும் எக்காரணத்தாலும் உடனழைக்கலாகாது. "அடடா! எங்க பாட்டி வூட்டுல அச்சு அசல் இதே மாதிரி இருந்துச்சே!" என்ற ஒரே வாக்கியத்தில் எடை விலையை ஆசை விலையாக்கும் ஆற்றல் அவருக்கு உண்டு. அதன் பிறகு எந்தப் பாட்டியாலும் அதை இறக்க முடிந்ததில்லை.