வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் மலைகளும் கோடை ஓட்டமும்: ஓர் அறிமுக ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கடலும் மலையும் சேர்ந்த இடத்தில் வேர்த்து விறுவிறுக்க ஓடுவதே வீரம் என்பது உலக ஓட்டக்காரர்களின் கொள்கை. தென்னாப்பிரிக்காவில் டர்பன் கடற்கரைக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மேட்டுக்கும் இடையே 1921இல் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டம் இதற்குச் சான்று. நம் புதுச்சேரிப் பக்கத்தில், பாகூர் கொம்யூனுக்குக் கடல் உண்டு. பாகூருக்கும் வில்லியனூருக்கும் வெயில் வேண்டிய அளவு உண்டு. மலை மட்டும்தான் இல்லை. இருப்பதை யாரும் ஆராயலாம். இல்லாததை ஆராயத்தான் பட்டம் வேண்டும்.

2. முன்னோடி ஆய்வுகள்

இத்தலைப்பில் இதுவரை எவரும் ஆராய்ந்ததில்லை. ஆகவே எமக்கு முந்தைய ஆய்வாளர்கள் அனைவரின் முடிவுகளும் இங்கே மறுக்கப்படுகின்றன.

3. வரலாற்றுப் பின்னணி

பாகூருக்குக் கல்வி புதிதல்ல. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள், இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதைச் சொல்கின்றன. 9ஆம் நூற்றாண்டில் ஆய்வுக்கு ஊரையே எழுதிவைத்தார்கள். இன்று கருத்தரங்குக்குப் போனால் ஒரு கோப்பும் ஒரு பேனாவும் தருகிறார்கள். அந்தப் பேனாவும் எழுதுவதில்லை.

ஓட்டமும் புதிதல்ல. 1752இல் பாகூர்ப் போரில் ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸிடம் பிரெஞ்சுப் படை தோற்றுச் சிதறியது. இவ்வட்டாரத்தில் பெருந்திரளாக நடந்த ஓட்டங்களுள் ஏட்டில் ஏறியது இதுவே என்பது எம் துணிபு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் உறவினரான தளபதி கெர்ழான் பிடிபட்டார். ஆகவே அவர் பந்தயத்தை முடித்தவர் பட்டியலில் இல்லை.

4. மலைகளின் வகைப்பாடு

அ. மணல்மேடு: மணப்பட்டுக் கடற்கரையில் உண்டு, கால் புதையும்.

ஆ. மேம்பாலம்: அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம். ஏறும்போது மூச்சும், இறங்கும்போது பின்னால் வரும் தனியார் பேருந்தின் ஹாரனும் துணை வரும்.

இ. ஏரிக்கரை: ஊசுட்டேரிக் கரையும் பாகூர் ஏரிக்கரையும். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது. பங்காரி, சிங்காரி என்ற சகோதரிகளோடு வாய்க்காலைச் சேர்த்துச் சொல்வது ஊர் வழக்கு. தண்ணீர் பள்ளம் நோக்கித்தான் வரும். எனவே சொர்ணாவூரிலிருந்து பாகூருக்கு ஓடுபவர் இறக்கத்தில் ஓடுகிறார், திரும்பி ஓடுபவர் மலையேறுகிறார் என்பது கருவியில்லாமலே நிறுவப்பட்டது. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கள ஆய்வு செய்தோம். “ஏம்பா, பஸ்ஸ உட்டுட்டியா?” என்றார். ஓட்டத்தின் நோக்கம் குறித்து எழுப்பப்பட்ட மிகக் கூர்மையான கேள்வி இதுவே.

ஈ. வேகத்தடை: இதுவே இவ்வட்டாரத்தின் உண்மையான மலைத்தொடர். ஆகவே விரிவாக நோக்குவோம்.

இந்தியச் சாலைப் பேரவையின் நெறிப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். பத்து ஏறினால் ஒரு மீட்டர். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். எனவே 26,370 வேகத்தடைகளைத் தாண்டியவர் ஊட்டிக்குப் போகாமலே சிகரம் தொட்டவராவார். ஒவ்வொரு முறையும் அவர் கீழே இறங்கிவிடுகிறாரே என்ற ஆட்சேபம் எழலாம். எழுப்புபவர் எந்தத் துறை என்று முதலில் சொல்லட்டும்.

ஆனால் நெறிப்படி அமைந்த வேகத்தடை நூல்களில்தான் காணக்கிடைக்கிறது (பார்க்க: டீக்கடை பெஞ்சு, கிழக்கு முனை). களத்தில் உள்ளவை மூவகை. முதலாவது, விபத்துக்குப் பின் மறியல் செய்து பெற்றது. கோபத்தின் அளவுக்கேற்ப உயரும். இரண்டாவது, தார் மிஞ்சியதால் பிறந்தது (மேற்படி பெஞ்சு, மழைக்குப் பின் திருத்திய பதிப்பு). மூன்றாவது, கடைக்கு நேர் எதிரே அமைவது. வெள்ளைக்கோடு அழிந்து, நடுவில் சைலன்சர் உரசிய பளபளப்போடு கிடக்கும். பைக் ஏறி இறங்கும்போது பின்னால் இருப்பவர் ஒரு கையால் தலையிலுள்ள பூவையும் மறுகையால் பையையும் பிடிப்பார். வண்டி வேகம் குறையும் அந்த நொடியில் கண்ணில் படுவது வடைத் தட்டு. சாலைப் பொறியியலும் வணிகவியலும் சந்திக்கும் புள்ளி இது (மேற்படி பெஞ்சு, மூன்றாம் பதிப்பு, இரண்டாம் பதிப்பைப் பக்கத்துக் கடைக்காரர் தூக்கிப்போனதாகப் பதிப்புரை கூறும், அப்பதிப்புரை வடை மடித்த தாளில் இருந்ததால் எண்ணெய் படாத வரிகள் மட்டும் இங்கே எடுத்தாளப்பட்டுள்ளன, எண்ணெய் பட்ட வரிகள் பற்றித் தனி ஆய்வேடு தயாராகிறது, நெறியாளர் கையெழுத்துதான் பாக்கி).

முக்கியப் புள்ளிகள் வரும்போது இம்மலைகள் ஒரே இரவில் தரைமட்டமாவதும் உண்டு. மலை தேயக் கோடி ஆண்டு ஆகும் என்ற புவியியலார் இனியாவது வெளியே வந்து பார்க்க வேண்டும்.

5. வெயில் என்னும் சிகரம்

ஆரோவில் மாரத்தான் 2008இல் தொடங்கியது. அதைப் பிப்ரவரியில் வைத்தவர்கள் விவரமானவர்கள். மே மாதக் கத்திரியில் மேற்கிலிருந்து வரும் அனல் காற்று வலுத்தால் கடற்காற்று உள்ளே நுழையப் பிற்பகல் ஆகிவிடும். நுழைந்தபின் ஈரப்பதம் கூடும். வியர்வை ஆவியாகாமல் வழியும். உடல் சூடு தணியாது. ஆக, மலை இல்லாத குறையை மே மாதம் தீர்த்துவைக்கிறது.

வில்லியனூர்க்காரர்களுக்கு இது தெரியும். திருக்காமீசுவரர் கோயிலின் வைகாசித் தேரை பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்தார்கள். இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். அந்த வெயிலில் ஆளுநரே ஆனாலும் மெதுவாக, நின்று நின்று போவதுதான் ஊர் கண்ட விளையாட்டியல்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் ஃபால்மவுத் கடலோரத்தில் 1973 முதல் ஆகஸ்ட் வெயிலில் 11.3 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். 1978இல் அங்கே ஓட்டக்காரர் ஆல்பெர்ட்டோ சலசார் வெப்பத் தாக்கில் சுருண்டு விழுந்து, பாதிரியார் இறுதிச் செபம் சொல்லும் நிலைக்குப் போய் மீண்டார். அப்பந்தயத்தில் 18 ஆண்டுகளில் வெப்பத் தாக்குக்கு ஆளான 274 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. உடனே பனிக்கட்டித் தண்ணீரில் அமிழ்த்தியதே காரணம். இது மெய்யான ஆய்வு. கட்டுரையின் தரத்தைக் குலைத்தமைக்கு வாசகர் பொறுத்தருள்க.

6. முடிவும் பரிந்துரையும்

பாகூரில் மலை இல்லை. இம்முடிவை எட்ட மேலும் நிதி தேவை. நிதி வரும்வரை கோடையில் ஓடுவோர் வெயில் ஏறுமுன் ஓட்டத்தை முடித்து, ஏரிக்கரைப் பனை நிழலில் நுங்கு வாங்கிச் சாப்பிடுங்கள். யாராவது சுருண்டு விழுந்து உளறினால் விசிறிக்கொண்டு நிற்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் உடலை நனைத்துக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.