மண்தட வேட்பாளர்

நகரத்து நடுத்தர வர்க்கத்தின் உட்பிரிவுகளுள் அண்மைக் காலத்தில் தோன்றி, எண்ணிக்கையிலும் கருத்துகளிலும் பெருகிவரும் ஒரு பிரிவினரை 'மண்தட வேட்பாளர்' என்று வகைப்படுத்தலாம். தார்ச்சாலையில் ஓடுவதோடு, அது முடிகிற இடத்தில் தொடங்கும் ஏரிக்கரை, வண்டித்தடம், ஓடைமணல், மலையடிவாரச் சரளை ஆகியவற்றிலும் ஓடக்கூடிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க விழைபவர் என்பது இதன் நேர்ப்பொருள். வாங்கிவிட்டவர் ஓட்டுநராகிவிடுவதால் இப்பிரிவில் சேரமாட்டார். எண்ணத்தைக் கைவிட்டவர் சாதாரண மனிதராகிவிடுவதால் அவரும் சேரமாட்டார். ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பவருக்கு மட்டுமே இப்பெயர் முழுமையாகப் பொருந்தும். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிகளில் இவர் மிகுதியாகக் காணப்படுகிறார். ஓடையைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் நீர் புகாமல் காப்பது எப்படி என்று இவர் விளக்கும் வேளையில், இவருடைய ஸ்கூட்டரின் முன்கொக்கியில் முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டு தொங்குவது வழக்கம்.

இவர் நாடும் வண்டியின் இலக்கணத்தை முதலில் வரையறுக்க வேண்டும். பந்தயத்துக்கென்றே செய்யப்படும் டர்ட் பைக்கில் முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், பின்பார்வைக் கண்ணாடி, ஹாரன் எதுவும் இராது. அதைப் பதிவு செய்ய இயலாது. பதிவு பெறாத வாகனம் எதையும் பொது இடத்தில் ஓட்டுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடுப்பதால், மண்தடத்துக்குப் போவதற்கே அது 'குட்டியானை' எனப்படும் சிறு சரக்கு வண்டியில் ஏறிப் பயணம் செய்தாக வேண்டும். நம்பர் பிளேட் பெற்று, வீட்டு வாசலிலிருந்தே சேறுவரை தன் காலில் செல்லக்கூடியது இன்னொரு வகை. தவளையைப் போல இரண்டு உலகங்களிலும் வாழ்வது. வேட்பாளரின் உள்ளம் கவர்ந்தது இதுவே.

தேர்வு எக்செல் அட்டவணை ஒன்றில் நடைபெறுகிறது. திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாட்டில் வண்டிக்குப் பதினெட்டுப் பொருத்தம் பார்க்கப்படுவதில் வியப்பில்லை. கல்லையும் பள்ளத்தையும் நேருக்கு நேர் மோதாமல் உருண்டு ஏற உதவுவதால் முன்சக்கரம் 21 அங்குலமாக இருக்க வேண்டும். வார்ப்புச் சக்கரம் விரிசல் காணும் அடியில் வளைந்துகொடுத்துத் தப்பிவிடும் என்பதால் கம்பிச் சக்கரமாகவும் இருக்க வேண்டும். எஞ்சினின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 220 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. சக்கரம் மேலும் கீழும் அசைய இடமளிக்கும் சஸ்பென்ஷன் வீச்சு முன்புறம் 190 மில்லிமீட்டராவது வேண்டும். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமான ஏ.பி.எஸ்., அதாவது பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, தாரில் உயிர் காப்பது. உதிரிச் சரளையிலோ பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து வண்டியை மேலும் நெடுந்தூரம் ஓடவைப்பது. ஆகவே பின்சக்கரத்துக்கு அதை அணைத்துவைக்க வழி உண்டா என்பதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இவற்றை நெருங்கிய வண்டி வராமலா போயிற்று? 2011இல் ஹீரோ நிறுவனத்தின் 150 சிசி 'இம்பல்ஸ்' வந்தது. 134 கிலோ எடைக்கு 13 குதிரைத்திறன் போதாது என்று தீர்ப்பளித்துவிட்டு வேட்பாளர் பெரிய எஞ்சினுக்காகக் காத்திருந்தார். சில ஆண்டுகளில் அவ்வண்டி சந்தையை விட்டே போனதும், 'அதுபோல இனி ஒன்று வராது' என்று இரங்கல் தெரிவித்த முதல் மனிதரும் அவரே. 2016இல் ராயல் என்ஃபீல்டின் 411 சிசி 'ஹிமாலயன்' பெரிய எஞ்சினோடு வந்தபோது, 180 கிலோவைத் தாண்டிய எடை தடையாயிற்று. 2019இல் வந்த 'எக்ஸ்பல்ஸ் 200' எடையைக் குறைத்தது. ஆனால் 18 குதிரைத்திறன் நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கும் என்று தோன்றியது. 2023இன் 'ஹிமாலயன் 450' நாற்பது குதிரைத்திறனோடு அக்குறையைத் தீர்த்து, 196 கிலோவோடு பழைய குறையை மீட்டுவந்தது. 2024 இறுதியில் கவாசாகியின் 'கே.எல்.எக்ஸ். 230' 139 கிலோ எடையோடு வந்தது; இருக்கையின் உயரமோ 880 மில்லிமீட்டர். 2025இல் கே.டி.எம். 390 எண்டுரோ ஆர் வந்ததும், ஷோரூம் விலையே மூன்று லட்சத்து முப்பத்தேழாயிரம் ஆயிற்றே என்று முதன்முறையாகக் குடும்பப் பொறுப்பு நினைவுக்கு வந்தது. இம்பல்ஸ் வந்த ஆண்டில் பிறந்த மகள் இப்போது ஸ்கூட்டரில் அமர்ந்து இரண்டு கால்களையும் தரையில் ஊன்றுமளவுக்கு வளர்ந்துவிட்டாள்.

கால் ஊன்றுதல் என்பது இத்துறையில் நுட்பமான பொருள் கொண்டது. சஸ்பென்ஷன் வீச்சும் தரை இடைவெளியும் கூடக்கூட இருக்கை உயர்வது இயற்கை என்பதால், ஸ்பிளெண்டரில் 785 மில்லிமீட்டராக இருக்கும் உயரம் எக்ஸ்பல்ஸில் 825 ஆகிறது. ஷோரூமில் வேட்பாளர் ஏறி அமரும் காட்சி இதனாலேயே கவனத்துக்குரியது. இடப்புறம் சற்றே சரிந்து ஒரு பாதத்தை முழுமையாக ஊன்றி, வலப்பாதம் அந்தரத்தில் ஆடுவதை எவரும் பார்க்குமுன் அதைப் பிரேக் மிதியின்மேல் வைத்துக்கொண்டு, "சரியாத்தான் இருக்கு" என்று முகத்தை இறுக்கிக்கொள்வார். பல ஆண்டுகளாக அவரை அறிந்த விற்பனையாளரோ விவரக் கையேட்டை நீட்டுவதில்லை, "காபி சாப்பிடுறீங்களா சார்?" என்று மட்டுமே கேட்கிறார்.

வாங்கினால் எங்கே ஓட்டுவது என்ற வினா அட்டவணையில் இடம்பெறவில்லை. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி வண்டி நுழையக் கூடாது. வார இறுதிக் கனவாகிய கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் நல்ல தார்ச்சாலை. எஞ்சுவன கோடையில் வறண்ட ஏரிகளும், வயலுக்குப் போகும் வண்டிப்பாதைகளுமே. அங்கே 21 அங்குலச் சக்கரத்தைப் பற்றிக் கேள்விப்படாத பால்காரர், டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு நாள்தோறும் இருமுறை போய்வருகிறார். அவருடைய வண்டி தொண்ணூறு கிலோவைத் தொடாது. கால்களோ எப்போதும் தரைக்கு அருகிலேயே இருக்கும். மண்ணில் எடை குறைவே முதல் பொருத்தம் என்னும் விதியை அவர் படித்ததில்லை, கடைப்பிடிக்கிறார், வேட்பாளர் படித்திருக்கிறார்.

அவ்விதியின் காரணம் எளிது: மண்தடத்தில் வண்டி விழும். மணலில் முன்சக்கரம் புதைந்தும், ஈரக் களிமண்ணில் பின்சக்கரம் வழுக்கியும், சும்மா நிற்கையில் சைடு ஸ்டாண்டு மண்ணில் இறங்கியும் விழும். விழுந்ததைத் தூக்கிவிட அருகில் ஆள் இருக்கமாட்டார். எனவே ஜாதகத்தில் ரஜ்ஜுவைப் போல, மற்றெவை பொருந்தினும் இது தட்டினால் ஆகாது என்று சொல்லத்தக்க பொருத்தம், கீழே கிடக்கும் வண்டியை ஒருவர் தனியாக நிமிர்த்த முடியுமா என்பதே. பதினெட்டுக் கட்டங்களும் வண்டியை அளக்கின்றன. ஓட்டுபவரை அளக்கும் இந்தப் பத்தொன்பதாவது கட்டம் வரையப்படவே இல்லை.

வேட்பாளரின் அறிவு வீணாவதில்லை என்பதையும் நேர்மையோடு பதிவு செய்ய வேண்டும். அவருடைய ஆலோசனையைக் கேட்டு, அவருடைய அட்டவணையைப் பார்த்து, ஒரே வாரத்தில் வண்டி வாங்கிவிட்ட அண்டைவீட்டார் ஒருவராவது ஒவ்வொரு குடியிருப்பிலும் இருக்கிறார். அந்த வண்டி என்றேனும் ஒருநாள் தரைத்தளப் பார்க்கிங்கில் சைடு ஸ்டாண்டு மடங்கிச் சாய்கிறது. அழைக்கப்பட்ட வேட்பாளர், முதலில் கியரில் போட்டுச் சக்கரம் உருளாமல் செய்யவேண்டும், பின்பு வண்டிக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறுகையால் பின்சட்டத்தையும் பற்றி, இடுப்பை வருத்தாமல் காலால் உந்திப் பின்னோக்கி நடக்கவேண்டும் என்று பிழையின்றி விளக்கிவிட்டு, அவ்வாறே அமர்ந்து உந்துகிறார். வண்டி ஒரு சாண் எழுந்து, யோசித்து, மீண்டும் படுத்துக்கொள்கிறது. "கொஞ்சம் தள்ளிக்கங்க சார்" என்று வந்த வாட்ச்மேன் அதை நிமிர்த்தி நிறுத்திவிட்டு, கேட் திறக்கப் போய்விடுகிறார்.

அன்றிரவு அட்டவணையில் எடைக்குரிய மதிப்பெண் இரட்டிப்பாகிறது. முதலிடத்தில் இருந்த வண்டி நான்காம் இடத்துக்கு இறங்க, தேர்வு முதலிலிருந்து தொடங்குகிறது.